கல்லில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை!

கேள்வி: மரக்கட்டை அச்சில் மேட்டில் மை ஏறுகிறது, செம்புத் தகட்டில் கீறிய பள்ளத்தில் மை நிற்கிறது, சரி. கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் (லித்தோகிராஃபி) கல் வழவழவென்று சமமாக இருக்குமாமே, அப்புறம் படம் எங்கிருந்து வருகிறது?

பதில்: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கதைதான். அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு எண்ணெய்ப் பசையும் பிடிக்கும், தண்ணீரும் பிடிக்கும்; பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, முதலில் வந்ததற்கே இடம். மெழுகு, சோப்பு, கொழுப்பு, கரி கலந்த கிரேயானால் வரைந்தால் அந்தப் பசை கல்லில் ஊறி உட்கார்ந்துவிடும். பிறகு சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்த வேலம்பிசின் கரைசலைப் பூசுவார்கள், மிச்ச இடமெல்லாம் பிசினுக்கு. அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மையை அண்டவிடாது.

அடுத்ததுதான் வயிற்றைக் கலக்கும். பாடுபட்டு வரைந்த படத்தை டர்பன்டைன் ஊற்றித் துடைத்தே விடுவார்கள்! கறுப்பு போகும், பசை போகாது. ஈரப் பஞ்சால் ஒற்றி மை உருளையை ஓட்டினால் படம் திரும்பி வரும். ஒவ்வொரு பிரதிக்கும் இதே ஈரம், இதே மை. ஈரம் காய்ந்தால் கல் முழுக்க மை அப்பிக்கொள்ளும். நான் பழகிய நாளில் தெரியாமல் கல்லில் கையை ஊன்றிவிட்டேன், படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகையும் சேர்ந்து அச்சாகி வந்தது.

இதைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் ஓவியர் இல்லை, நாடகம் எழுதியவர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடி, மூனிக்கில் சோல்ன்ஹோஃபென் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1796-ல் சலவைத் துணிக் கணக்கை எழுதச் சொல்லி அம்மா கேட்டபோது, கையில் காகிதம் இல்லாமல் கல்லிலேயே எழுதினாராம். முதலில் அவரும் அமிலம் ஊற்றி எழுத்தை மேடாக்கத்தான் பார்த்தார், மேடே தேவையில்லை என்று பிடிபட்டது 1798 வாக்கில்தான்.

கேள்வி: சிவகாசி காலண்டருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அந்தக் காலண்டர் அச்சாகும் ஆஃப்செட் முறை இதன் பேரன்தான். கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு, ஆனால் அதே தண்ணீர், அதே எண்ணெய் மை. படம் நடுவில் ஒரு ரப்பர் விரிப்புக்குப் போய்க் காகிதத்துக்கு வருவதால் தகட்டில் இடம் வலம் மாற்றி வரைய வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: கல்லுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: சமையலறையிலேயே முடியும். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை, மங்கலான பக்கம் மேலே இருக்க, சுருக்கமில்லாமல் ஒரு பலகையில் ஒட்டுங்கள். விரல் படக்கூடாது. காய்ந்த சோப்புக்கட்டியால் வரைந்து, மேலே கோலா ஊற்றுங்கள்; அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம்தான் இங்கே நமக்கு வேலைக்காரன். கழுவி, சமையல் எண்ணெயால் படத்தைத் துடைத்துவிட்டு, ஈரப் பஞ்சு, அப்புறம் எண்ணெய் மை. தண்ணீர் மை வேண்டாம், ஒன்றும் நடக்காது. காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் மட்டும் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுதுங்கள்.