வானவில் நிற வெள்ளி டாலருக்கு ஏல விலையைக் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்க மார்கன் வெள்ளி டாலர்களைச் சேர்த்து வருகிறேன். 1881இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சான டாலர் ஒன்று, தரச்சான்று பெற்ற பிளாஸ்டிக் உறையில், விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் முகப்பில் பொன்னிறமும் சிவப்பும் நீலமும் பிறை வடிவில் படர்ந்துள்ளன. இதே ஆண்டும் இதே தரமும் கொண்ட வண்ண நாணயம் ஒன்று அண்மையில் ஏலத்தில் பட்டியல் விலையை (நாணய விலைக் கையேடுகள் தரும் வழக்கமான விலையை) போல் ஆறு மடங்குக்குப் போனதைக் காட்டி, விற்பவர் அதே தொகையைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த ஏலத்தொகையை உங்கள் முன் இருக்கும் நாணயத்தின் விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1881ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ டாலர், உயர்ந்த தரத்திலேயே ஏராளமாகக் கிடைக்கும் மார்கன் டாலர்களுள் ஒன்று. ஆகவே பட்டியல் விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வண்ணத்துக்காக மட்டுமே கொடுப்பது. வண்ணத்துக்கோ பட்டியல் கிடையாது.

ஏலத்தில் ஒரு தொகை எப்படி உருவாகிறது என்பதைப் பாருங்கள். மூன்று பேர் ஒரு நாணயத்தை விரும்புகிறார்கள். முதலாமவர் 3,000 டாலர் வரையும், இரண்டாமவர் 2,900 வரையும், மூன்றாமவர் 900 வரையும் போகத் தயாராக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் 2,900ஐ ஒட்டிய தொகைக்கு முதலாமவரிடம் சேரும். நாளை அவர் அதை மீண்டும் ஏலத்துக்கு அனுப்பினால் வாங்குவோர் வரிசையில் அவர் இருக்கமாட்டார். இரண்டாமவரை எதிர்க்க எஞ்சியிருப்பவர் மூன்றாமவர் மட்டுமே என்பதால் தொகை 900ஐச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். வண்ண நாணயங்களில் இத்தகைய சரிவு ஏற்படுவதற்குக் காரணம், உச்ச விலை கொடுக்கும் வட்டம் மிகச் சிறியது என்பதே. மேலும், வெளியிடப்படும் தொகையில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் அது 20 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. ஏலம் 500 டாலரில் முடிந்தால் அறிவிப்பில் 600 என்று இருக்கும். நேரடியாக விற்கும் ஒருவர் அந்த 600ஐ உங்களிடம் கேட்பதில் நியாயமில்லை.

விலை ஏறிவருவது வெறும் மோகத்தால் என்றும் நான் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் வெள்ளி நாணயம் வெண்மையாக மின்ன வேண்டும் என்பதே பரவலான விருப்பமாக இருந்தது. அதனால் எத்தனையோ நல்ல நிறங்கள் அமிலக் கரைசலில் முக்கி எடுக்கப்பட்டு அழிந்தன. இன்று எஞ்சியிருப்பவை குறைவு, ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதும் இல்லை. 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்களால் தொலைவில் இருப்பவரும் நம்பி வாங்க முடிந்தது. தெளிவான நிழற்படங்கள் இணையத்தில் வந்ததும் போட்டி பெருகியது. அமெரிக்க நாணய ஆய்வாளரும் சேகரிப்பாளருமான எரிக் நியூமனின் சேகரிப்பு 2013 முதல் ஹெரிடேஜ் நிறுவனத்தால் ஏலம் விடப்பட்டபோது, இயல்பாக நிறமேறிய பழைய வெள்ளி நாணயங்களின் அழகைப் பலரும் புதிதாக உணர்ந்தார்கள்.

அடுத்து, நிறம் இயல்பானதா என்ற கேள்வி. காற்றிலும் துணியிலும் அட்டையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு என்னும் மிக மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது, மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் தெரிவதைப் போல நிறங்கள் தோன்றுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஓர் ஒழுங்கில் மாறும்: வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, ஊதாச் சிவப்பு, அடர் நீலம், வெளிர் நீலம், பிறகு மீண்டும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையும், கடைசியில் மங்கிய கருமை. உங்கள் நாணயத்தின் பிறையில் பொன்னிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து நீலத்துக்கும் நிறம் படிப்படியாக நகர்ந்தால் நல்ல அறிகுறி. வெளிர் மஞ்சளை ஒட்டி, இடையில் எதுவும் இல்லாமல் பச்சை நின்றால் ஐயப்படுங்கள்.

பிறை வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1878 முதல் 1904 வரையும், பின்னர் 1921இலும் அச்சான மார்கன் டாலர்கள், 1,000 நாணயங்கள் கொண்ட துணிப் பைகளில் கருவூலக் காப்பறைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. துணியைத் தொட்டிருந்த பக்கம் நிறமேறியது. மற்றொரு நாணயம் மூடியிருந்த பகுதி வெண்மையாகவே நின்றது. பிறை பிறந்தது இப்படித்தான், பல மார்கன் டாலர்களில் ஒரு பக்கம் மட்டும் வண்ணமாக இருப்பதும் இதனாலேயே. உருப்பெருக்கியில் சில நாணயங்களில் துணியின் நெசவுத் தடமே தெரியும். மேடான எழுத்துகளையும் விண்மீன்களையும் ஒட்டிய பள்ளத்தைத் துணி தொடாததால் அங்கே நிறம் குறைந்து ஒரு வெளிர் விளிம்பு தெரிவதுண்டு. நான் மிகவும் மதிக்கும் சான்று அந்த விளிம்புதான். அவசரமாகச் சூடேற்றியோ கந்தகக் கரைசல் பூசியோ உண்டாக்கும் நிறத்தில் அதை வரவழைப்பது கடினம்.

இருந்தாலும், செயற்கையாக உண்டாக்கிய படலமும் பெரும்பாலும் அதே வெள்ளி சல்பைடுதான். ஆகவே தரச்சான்று நிறுவனம் சொல்வது, அந்த நிறம் சந்தையில் ஏற்கத்தக்கது என்ற அனுபவமிக்க கருத்தையே. சான்றில்லாத வண்ண நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சான்று இருந்தாலும் மேற்சொன்னவற்றை நீங்களே பார்த்தாக வேண்டும்.

படத்தை மட்டும் நம்பாதீர்கள். சாய்ந்த ஒளியில் எடுத்த படம் நிறத்தின் உச்சத்தைக் காட்டும். அதே நாணயம் கையில் கருமையாகத் தெரியலாம். ஒரே விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்து எடுத்த காணொளியைக் கேளுங்கள். சாய்க்கும்போது, நாணயம் அச்சானபோதே உண்டான இயல்பான ஒளிப்பட்டை நிறத்துக்கு அடியில் சக்கரம்போல் சுழல வேண்டும். சுழலாமல் மந்தமாக இருந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

காணொளி திருப்தியளித்தால், ஒரே ஒரு ஏலத்தை விட்டுவிட்டு, இதே ஆண்டு, இதே தரம், ஏறத்தாழ இதே அளவு வண்ணம் கொண்ட பல நாணயங்களின் ஏலப் பதிவுகளை எடுங்கள். மிக உயர்ந்த தொகையை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றின் நடுப்பகுதியை உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் முகப்பிலா பின்புறத்திலா என்பதையும் கணக்கில் சேருங்கள். முகப்பு வண்ணத்துக்குத்தான் வாங்குவோர் அதிகம். விற்பவர் அந்த வரம்புக்கு இறங்கி வந்தால் வாங்குங்கள். ஆறு மடங்கிலேயே நின்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கினால், உறை முழுமையாகக் காற்றைத் தடுக்காது என்பதையும் படலம் தொடர்ந்து தடிக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொண்டு, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள். ரப்பர் பட்டைகளும் கந்தகம் கலந்த அட்டைகளும் அருகில் இருக்கக் கூடாது. உறையை உடைத்து நாணயத்தைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். அமிலக் கரைசல் நீக்கிய நிறம் திரும்பி வராது.