நாடகமும் நாலு கதிரையும்

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. ஆசிரியர், தோட்டம் செய்கிறவர்கள், கடையில் நிற்பவர்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் என்று பதினைந்து பேர் வரை சேருவோம். கோயில் திருவிழாவுக்கு ஒன்று, நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒன்று என வருடத்துக்கு இரண்டு நாடகம் போடுவோம். இந்த முறை ஒரு தொண்டு நிறுவனம் காசு தந்ததால் நுண்கடன் பற்றித் தெருவெளி நாடகம் ஒன்றும் செய்தோம். பார்க்க வந்தவர்கள் குறைவு. வந்த பெண்களும் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு நடந்த நிலையக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "உந்தக் கூத்துக்குச் செலவழிச்ச காசில வாசிகசாலைக்கு நாலு கதிரை வாங்கியிருக்கலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர், நகரத்திலிருந்து தேர்ந்த நடிகர்களைக் கூப்பிட்டு நல்ல ஒலி, ஒளியோடு பெரிதாகச் செய்தால் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்கிறார். எங்களில் பாதிப் பேருக்கு அது சரியென்று படுகிறது. மற்றவர்கள், அப்படியென்றால் நாங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். நாங்கள் தொடர்ந்து நாடகம் போடுவதில் பயன் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் ஐயா)

---

அன்புள்ள தம்பி,

பயன் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எத்தனை பேர் பார்க்க வந்தார்கள் என்பதைப் பற்றித்தான் கவலை நிறைய இருக்கிறது. அந்த நாடகத்தைச் செய்வதில் ஊரில் யார் யாருக்குக் கைவேலை இருந்தது என்று ஒரு வரியும் இல்லை. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் ஊர்களில் ஆடிவந்த காத்தவராயன் கூத்தைப் பாருங்கள். காத்தவராயன் என்ற ஒரே பாத்திரத்தைப் பருவத்துக்கு ஒருவராகப் பலர் ஆடுவார்கள். சின்னப் பொடியன் ஒருவன் ஆடிவிட்டுப் போக இளந்தாரி ஒருவர் வருவார். கழுமரம் ஏறுகிறவர் வேறொருவர். ஒரு பாத்திரத்துக்கே மூன்று நான்கு வீடுகள் உரிமை கொண்டாடும். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பிற்பாட்டு, கொட்டகை, உடுப்பு, ஒப்பனை என்று அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர். அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. கதை எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் சனம் விடியும்வரை பாயை விட்டு எழும்பாமல் இருந்தது, ஏதோ ஒரு வகையில் எல்லோருக்கும் அந்த இரவில் பங்கு இருந்ததால்தான். உங்கள் பதினைந்து பேருக்கு வெளியே இருக்கும் ஊருக்கு உங்கள் நாடகத்தில் என்ன பங்கு? முதலில் குழுவாக இருந்து இதைப் பேசுங்கள்.

அதற்காக, ஊர்ப் பிள்ளைகள் ஆடினால் எப்படி ஆடினாலும் போதும் என்று எடுத்துவிட வேண்டாம். காங்கேசன்துறை நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் என்ற அரிச்சந்திரன் நாடகம் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பார்கள். கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கச் சனம் போனது அந்தக் குரலுக்காக, அந்தப் பயிற்சிக்காக. ஒத்திகைக்கு ஒழுங்காக வராமல், வசனம் பாடமில்லாமல், "நாங்கள் சும்மா ஆசைக்குச் செய்யிறம்தானே" என்று மேடையேறுவது பார்க்க வந்தவர்களை மதிக்காத செயல். இதில் நான் கண்டிப்பானவன்.

கனடா நண்பரின் காசைப் பற்றி. அவருடைய அக்கறை நல்லது, அதைத் தட்டிவிடாதீர்கள். ஆனால் வெளியிலிருந்து நடிகர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பெரிதாகச் செய்தால், அடுத்த நாள் உங்கள் ஊரில் மிஞ்சுவது கொட்டகை கழற்றிய குழிகள்தான். அதே காசில் ஒரு களப்பயிற்சி வையுங்கள். 1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி அதைத்தான் செய்தது. அதை முன்னின்று தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 2025 ஜனவரியில் காலமாகும்வரை இந்த மண்ணின் அரங்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த மனிதர். அவர் எழுதிய மண் சுமந்த மேனியர் நாடகம் 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகப் போனபோது அதைக் கொண்டுபோனவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நாடகத்தைத் தொழிலாக வைத்திருந்தவர்கள் இல்லை. ஒளி, ஒலி பற்றியும் அதிகம் யோசிக்காதீர்கள். 1990க்குப் பிறகு பல வருடம் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலும் மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரிலும் நாடகம் நடந்தது. போர்க்காலத்தில் மனம் நொந்த குடும்பங்களைச் சண்முகலிங்கத்தின் அன்னை இட்ட தீ நாடகம் பேசியது. பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனித்த பெற்றோரை அவருடைய எந்தையும் தாயும் நாடகம் பேசியது. தன் வீட்டுக் கதையை மேடையில் கண்ட சனத்துக்கு வெளிச்சம் குறைந்தது பெரிதாகத் தெரிந்திருக்காது.

இனி அந்த நுண்கடன் நாடகம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்தப் பெண்கள் பேசாமல் எழும்பிப் போன வரிதான். எழுத்துருவை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட விழிப்புணர்வு நாடகங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு பெண் யோசிக்காமல் கடன் வாங்குவாள், சீலையும் நகையும் வாங்குவாள், கஷ்டப்படுவாள், கடைசியில் ஒரு உத்தியோகத்தர் வந்து புத்தி சொல்லுவார். உண்மையில் அந்தக் கடன் எதற்குப் போகிறது? மருந்துக்கு, பிள்ளையின் ரியூசனுக்கு, அரைகுறையாய் நிற்கும் வீட்டுக்கு, மழை பொய்த்த தோட்டத்துக்கு. கிழமைக்குக் கிழமை தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அதனால் அயலுக்குள்ளேயே முகம் பார்க்க முடியாமல் போகிறது. காசு கேட்டு வருகிறவர் படலையடியில் நிற்க, இன்னொரு இடத்தில் கடன் எடுத்து இந்தக் கடனை அடைக்கிறார்கள். இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததையே பிழையாகச் சொல்லி, தங்களையே குற்றவாளியாகக் காட்டினால் அவர்கள் என்ன பேசுவார்கள்?

அதே நாடகத்தை இன்னொரு முறை செய்யுங்கள். இந்த முறை எழுத்துருவை முதலில் எழுதாதீர்கள். மாதர் சங்கத்தில் இருக்கும் அம்மாமாருடன், அக்காமாருடன் போய் இருந்து கதையுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் போனால் இன்னும் நல்லது. யாருடைய கதையும் அப்படியே மேடைக்கு வராது என்று முதலிலேயே உறுதி சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நாடகத்தை முடிவு சொல்லாமல், தவணைக்காரர் படலையடியில் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். "இப்ப இவ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எழும்பி அந்த இடத்தில் நடித்துக்காட்ட விரும்பினால் வழி விடுங்கள். இது உலகத்தில் பல நாடுகளில் செய்யப்படுகிற முறைதான். காசு தந்த நிறுவனம் ஐந்து செய்திகள் கட்டாயம் வரவேண்டும் என்று பட்டியல் நீட்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள். அந்தக் காசு இல்லாமலும் இந்த நாடகத்தைச் செய்யலாம், முற்றமும் நாலைந்து ஆட்களும் போதும்.

சரி, கதிரைக்கு வருவோம். அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வாசிகசாலையில் கதிரை இல்லையென்றால் அவர் கேட்பது நியாயம். வரவு செலவுக் கணக்கை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், கடைசி ரூபா வரைக்கும். அப்புறம் அவருடைய வீட்டுக்குப் போங்கள். அந்த வயதுக்காரர்கள் இளமையில் சிவராத்திரி விழிப்புக்கென்று கோயிலடியில் போட்ட நாடகங்களில் நடித்திருப்பார்கள், குறைந்தது பார்த்தாவது இருப்பார்கள். என்ன பாட்டு, யார் பெண் வேஷம் போட்டது, கொட்டகை யார் கட்டினது என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். அடுத்த ஒத்திகைக்கு வந்து பிழை சொல்லும்படி அவரிடமே கேளுங்கள். அவர் வந்து நிறையப் பிழை சொல்வார். அதில் பாதி சரியாகவும் இருக்கும்.

மற்றவர்களையும் இப்படித்தான் சேர்க்க வேண்டும். ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த ஆச்சிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். தையல் தெரிந்தவர்கள் உடுப்புக்கு. பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறை தேவை, அவர்களிடம் சிறுவர் நாடகத்தை ஒப்படைக்கலாம். சனிக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளோடு விளையாட்டும் பாட்டுமாக ஒரு மணித்தியாலம். வருடத்தில் இரண்டு நாடகம் என்பதைவிட இந்த ஒரு மணித்தியாலம்தான் உங்கள் குழுவை ஊருக்குள் நிறுத்தும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளோடு வாதாடாதீர்கள். ஒத்திகையை இருட்ட முன்னம் முடியுங்கள், தாய்மார் வந்து இருக்க இடம் கொடுங்கள். ஒத்திகைக் காலத்தையும் வெங்காயம் கிண்டும் நாட்களோடும் பரீட்சையோடும் மோதாமல் வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

நீண்ட காலம் நிற்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே உதாரணம் இருக்கிறது. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பு அவருக்குப் பிறகும் இயங்குகிறது. தவக்காலத்தில் அவர்கள் போடும் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் மேடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், அத்தனை பேரின் வீட்டுக்காரரும் முன்னால் இருப்பார்கள் என்பது தானாகவே விளங்கும்.

இன்னும் ஒன்று, இதை இந்தக் கிழமையே தொடங்கலாம். கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் கையெழுத்தில் வைத்திருந்த கூத்துக் கொப்பிகள் எத்தனையோ போரால் வந்த 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. வீடு திரும்பியவர்களுக்குக் கூரையே இல்லாதபோது கொப்பி எங்கே மிஞ்சும்? உங்கள் குழு இதுவரை போட்ட நாடகங்களின் எழுத்துருக்கள் யார் யாரிடமோ, போனிலும் துண்டுக் கடதாசியிலும் கிடக்கும். எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டச்சு செய்து, ஆண்டு, இடம், நடித்தவர்கள், நெறியாள்கை, ஒப்பனை, கொட்டகை என்று எல்லோருடைய பெயரும் போட்டு, ஒரு பிரதி வாசிகசாலையில் வையுங்கள். இன்னொரு பிரதியை நூலகம் என்ற இணைய நூலகத்துக்குக் கொடுங்கள், அவர்கள் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். நுண்கடன் நாடகத்தைத் திருத்தி மறுபடி போடும்போது எந்த நாள் என்று எழுதி அறிவியுங்கள். வருகிறேன்.

அன்புடன்.