32 வயதில் ட்ரம்ஸ் கற்க வகுப்புக்குப் போக வேண்டுமா, யூடியூப் போதாதா?

போங்கள். ஒரு வருஷம் யூடியூப் பார்த்தே வாசித்துவிட்டு, 34 வயதில் வகுப்பில் சேர்ந்தவன் நான். அந்த ஒரு வருஷத்தில் பழகிய தப்புகளைக் கழற்றவே எட்டு மாதம் ஆயிற்று.

முதல் நாள் கொஞ்சம் மிதப்போடுதான் போனேன். நாலு எண்ணிக்கைக்குள் ஹைஹாட்டில் (ஜோடித் தட்டு) எட்டு அடி, கிக் (காலால் மிதிக்கிற பெரிய ட்ரம்) 1லும் 3லும், ஸ்னேர் (முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்) 2லும் 4லும் என்று பாதி சினிமாப் பாட்டுக்கு ஒட்டிக்கொள்ளும் அந்த பீட்டை வாசித்துக் காட்டினேன். மாஸ்டர் (என்னைவிட ஒன்பது வயது சின்னவர், இருந்தாலும் மாஸ்டர்தான்) குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, எழுந்து வந்து நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை ஏற்றினார். வீட்டில் குட்டை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த பழக்கத்தில் இங்கேயும் ஸ்டூலை இறக்கி வைத்திருந்தேன், முழங்கால் இடுப்புக்கு மேலே நின்றது, ஒவ்வொரு தடவையும் தொடையையே தூக்கிப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக இருந்த முதுகுவலி அப்புறம் இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது. வீடியோவில் சொல்லித் தருகிறவர் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார், ஆனால் அவருக்கு என் நாற்காலி தெரியாதே.

அடுத்தது கை. குச்சியை ரப்பர் பேடின் மேல் சும்மா விழவிடச் சொன்னார். அவர் விட்டால் அது டக் டக் டக்கென்று ஐந்தாறு தரம் தானே துள்ளியது. நான் விட்டால் ஒரே டக், அதோடு செத்துவிட்டது, ஏனென்றால் நான் சுத்தியல் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். அடிப்பக்கத்திலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குச்சி ஊசலாட வேண்டும், மற்ற மூன்று விரலும் அதைச் சும்மா தாங்கினால் போதும். டபுள் ஸ்ட்ரோக்கில் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) இரண்டாவது அடியை நாம் புதிதாக ஓங்கி அடிப்பதில்லை, துள்ளி வருகிற குச்சியை விரல்கள் வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. இதைப் பல வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், எனக்கு வந்துவிட்டது என்றே நம்பியும் இருந்தேன்.

முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் அந்தப் பேடிலேயே ஓடியது. மாதம் 2,500 ரூபாய் கொடுத்து ரப்பர் தட்டவா வந்தோம் என்று எரிச்சல் வந்தது உண்மை (வகுப்பில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே சிவமணி ஆகிவிட வேண்டும், நான் விதிவிலக்கில்லை). பாராடிடில் என்று ஒன்று உண்டு: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நாலு அடிக்கு ஒரு தரம் எந்தக் கை முதலில் போகிறது என்பது மாறிவிடுவதால் என் இடது கையின் சோம்பேறித்தனம் அதில்தான் அம்பலமானது. பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி (தாளவாத்தியக்காரர்களின் சர்வதேச அமைப்பு) பட்டியலில் இந்த மாதிரி ருடிமென்ட், அதாவது அடிப்படை அடி வரிசைகள், மொத்தம் 40 இருக்கின்றன. பயப்படாதீர்கள், முதல் வருஷத்தில் நான் உருப்படியாகத் தொட்டது ஏழெட்டுதான்.

ட்ரிப்லெட் (ஒரு தட்டுக்குள் மூன்று சம அடி) மண்டையில் ஏறாமல் நான் திணறியபோது மாஸ்டர் குச்சியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டில் ஓடவிட்டு, ஒரு தட்டுக்குத் தகதிமி, அடுத்த தட்டுக்குத் தகிட என்று வாயால் சொல்ல வைத்தார். பக்கத்து வீட்டு மிருதங்க வகுப்பிலிருந்து சின்ன வயதில் காதில் விழுந்த சொற்கள்தான். வாய் சரியாகச் சொன்னதும் கை பின்னாலேயே வந்துவிட்டது.

வேகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் நான் வாசித்ததைப் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். 80ல் ஆரம்பித்தவன் முடிக்கும்போது 90ஐத் தாண்டியிருந்தேன். ஒவ்வொரு ஃபில் (பாட்டு வரிகளுக்கு நடுவே வரும் சின்ன உருட்டல்) வரும்போதும் ஓடியிருக்கிறேன், வாசிக்கும்போது எனக்குத் துளியும் தெரியவில்லை. இன்றைக்கும் வாரம் ஒரு தரமாவது பதிவு செய்து கேட்கிறேன், இன்னும் கொஞ்சம் ஓடத்தான் செய்கிறேன்.

லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு தேர்வு எழுதணுமா என்றால், உங்கள் இஷ்டம். நோட்டேஷன் படிக்க அது தள்ளிக்கொண்டு போகும், ஆனால் சில இடங்களில் தேர்வுக்கான உருப்படிகளை மட்டும் வருஷம் முழுக்க உருப்போட வைக்கிறார்கள், அது வேண்டாம். சேருமுன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவர் மாணவனின் கையைப் பார்க்கிறாரா, தன் போனைப் பார்க்கிறாரா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஃபிளாட்டில் இருந்தால் கிட் (முழு ட்ரம் செட்) வாங்க அவசரப்படாதீர்கள், ஒரு ஜோடி 5ஏ (நடுத்தர அளவு) குச்சியும் பேடும் ஆறு மாதத்துக்குத் தாராளம். நான் மெஷ் (வலைத்துணி) வைத்த எலெக்ட்ரானிக் கிட் வாங்கி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தமே வராது என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு மாமி மேலே வந்து, "ஏம்ப்பா, ராத்திரியில உங்காத்துல யாராவது மாவு இடிக்கறாளா?" என்றார். கிக் பெடலின் அதிர்வு தரை வழியாக நேரே அவர் படுக்கையறைக்குள் போயிருக்கிறது. இப்போது பெடலுக்கு அடியில் பழைய தேங்காய்நார் மெத்தை, எட்டு மணிக்கு மேல் வெறும் பேடுதான்.