காமிரீத்து நாடகம்: கேள்வி பதில்

கேள்வி: தோழர், ஆப்பிரிக்க மக்கள் நாடகம் என்றாலே காமிரீத்து என்கிறார்களே, அது என்ன?

கென்யாவில் நைரோபியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, லிமுருவை ஒட்டிய ஊர். 1950களில் பிரிட்டிஷ் அரசு மக்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து அடைத்த குடியிருப்பு. 1976இல் அங்கே முதியோர் கல்வி தொடங்கியது. நாடகம் அதன் கிளை. அங்கே போட்ட 'ங்காஹீக்கா ந்தீண்டா' ('விரும்பும்போது மணப்பேன்') நாடகம் அந்த ஊர் மக்களின் கிகூயு மொழியில் அமைந்தது. ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் தொழிலாளி கிகுந்தா அதையும் பறிகொடுக்கும் கதை. பார்த்தவர்களில் பலருக்கு அது சொந்த வீட்டுக் கதை.

கேள்வி: எழுதியது கூகி வா தியாங்கோ, கூகி வா மீரி என்ற இருவர்தானே? ஊருக்கு அதில் என்ன பங்கு?

அவர்கள் 1977 ஏப்ரலில் கொண்டுவந்தது வரைவு. ஊரார் அதை வாசிக்கக் கேட்டு வாரக்கணக்கில் திருத்தினார்கள். முதியவர் பாத்திரம் இளவட்டம் போலப் பேசினால் உடனே மறித்தார்கள்; கிகூயுவில் வயதுக்கேற்ற பேச்சு உண்டு. திருமணச் சடங்கில் பாடும் கித்தீரோ பாட்டின் சொற்களை எழுத்தறியாத ஒரு மூதாட்டி சொல்லிக் கொடுத்தார். என் பார்வையில் கதை கைமாறியது இந்த இடத்தில்தான். மேடையேறியதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: அண்ணா, நாங்களும் ஒத்திகையை ஊர் பார்க்க நடத்தலாமா? நடிகர்கள் கூச்சப்படுகிறார்கள்.

நடத்துங்கள். காமிரீத்துவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெட்டவெளியில்தான் ஒத்திகை. பார்க்க வந்தவர்களுக்கே வசனம் மனப்பாடமாகிவிட்டது. பிரதியை முழுசாக முடித்துவிட்டுப் போகாதீர்கள். ஊர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி எழுந்துவிடும். காட்சி நடுவே ஆளாளுக்குக் குரல் கொடுத்தால் நடிகர் உடைந்துபோவார். காட்சி முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். திருத்தம் சொன்னவர் மறுமுறை வரும்போது அது மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் அவர் பிறகு வாய் திறக்க மாட்டார்.

கேள்வி: அரங்கு கட்டியது யார்?

ஊரார்தான். தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கி வடிவம் போட்டார்கள், பிறகு சிறு மாதிரி செய்தார்கள். அரைவட்ட மேடை, பின்னால் மூங்கில் சுவர், அதன் பின்னே ஒப்பனைக்கும் பொருள் வைக்கவும் மூன்று அறை. படிப்படியாக உயரும் மரப்பலகை இருக்கைகள், 2,000 பேருக்கு மேல் உட்காரலாம். கூரை கிடையாது. மேடைக்கும் இருக்கைக்கும் இடையில் தடுப்பு வைக்காததால் பார்ப்பவர் பாட்டில் எளிதாகச் சேர்ந்துகொள்ள முடிந்தது.

கேள்வி: பிறகு ஏன் நின்றது?

1977 அக்டோபர் 2இல் அரங்கேறியது. நவம்பர் 16இல் அனுமதி ரத்து. டிசம்பர் 31இல் கூகி வா தியாங்கோ கைதானார். விசாரணையே இல்லாமல் ஓராண்டுச் சிறை. ஆங்கிலத்தில் அவர் எழுதிய விமர்சனங்களை அரசு பொறுத்துக்கொண்டது. கூலிக்காரர்கள் தங்கள் மொழியில் தங்கள் நிலத்தைப் பற்றிப் பேசியபோதுதான் சிறை. 1982இல் அடுத்த நாடகத்துக்குத் தேசிய அரங்கின் கதவு பூட்டப்பட்டது. அதனால் நைரோபி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகைக்கே கூட்டம் திரண்டது. அந்த மார்ச்சில் காமிரீத்து அரங்கைப் போலீஸ் இடித்துத் தள்ளியது. கூகி வா மீரியும் இயக்குநர் கிமானி கெச்சாவும் ஜிம்பாப்வே சென்று, அங்கே ஊர்மக்களோடு நாடகம் போடும் வேலையைத் தொடர்ந்தார்கள்.