குரூப்பில் போட்டுவிட்டால் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடுமா?

கட்டுமானம், பராமரிப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். ஊரில் வீடு கட்டுகிறோம், அப்பாதான் கூட நின்று பார்த்துக்கொள்கிறார். என்ஜினீயர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், அப்பா, நான் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். சமையலறை ஜன்னலைக் கிழக்குச் சுவருக்கு மாற்றி என்ஜினீயர் புது பிளான் போட்டார். மேஸ்திரி பழைய பிளானை வைத்தே லிண்டல் மட்டம் (ஜன்னலின் மேல் விளிம்பு) வரை சுவரை ஏற்றிவிட்டார். கேட்டால் "எந்த பிளான் சார்?" என்கிறார். எல்லாம் குரூப்பில்தானே இருக்கிறது?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை மேலே தள்ளிப் பாருங்கள். குட்மார்னிங் படம், செங்கல் லோடு வந்த பில், டைல்ஸ் கலர் பற்றி உங்கள் வீட்டில் நடந்த விவாதம், அப்பாவின் வாய்ஸ் மெசேஜ், இதற்கெல்லாம் நடுவில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு பிடிஎஃப். கையெல்லாம் கலவையோடு நிற்கிற மேஸ்திரி, தன் போனில் ஏற்கெனவே இறங்கியிருக்கிற பிளானைத்தான் திறப்பார். அவர்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை.

குரூப் பேசுவதற்கு இருக்கட்டும். பிளானுக்கு ஒரே ஒரு இடம் வேண்டும். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போதும், அதில் என்ஜினீயர் மட்டும்தான் ஏற்றலாம், மற்றவர்கள் பார்க்கலாம். புது பிளான் வந்த அன்றே பழையதை 'பழையவை' என்ற வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட வேண்டும். பெயரிலேயே தளம், திருத்த எண், தேதி மூன்றும் இருக்கட்டும். மாறிய இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முழு பிளானையும் தேடி எது மாறியது என்று கண்டுபிடிக்கிற வேலையை மேஸ்திரிக்கு வைக்கக்கூடாது. அந்த ஃபோல்டரின் லிங்கை குரூப் விவரத்தில் போட்டுவையுங்கள். பின் செய்த மெசேஜ் அதிகபட்சம் 30 நாளில் கழன்றுவிடும், விவரத்தில் இருப்பது அப்படியே நிற்கும். அப்புறம் சைட்டில் ஒரு பெரிய பிரிண்டும் தொங்கட்டும். புதியதை மாட்டும்போது பழையதைக் கிழித்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. கட்டைவிரல் எமோஜியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றம் எதுவானாலும் மேஸ்திரி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி வாய்ஸ் அனுப்ப வேண்டும்: "கிழக்குச் சுவரு, வடக்கு மூலையிலேர்ந்து மூணு அடி தள்ளி, நாலு அடி ஜன்னல்." இதற்கு அரை நிமிடம் ஆகும். புரியாமல் தலையாட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் துபாயிலிருந்து ஒன்று சொல்லி அப்பா சைட்டில் வேறொன்று சொன்னால் எந்த ஆப்பாலும் அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது. இரண்டு பேரும் முதலில் தனியாகப் பேசி முடிவெடுங்கள், ஒருவர் மட்டும் குரூப்பில் சொல்லுங்கள். ஜன்னலைப் பொறுத்தவரை, ரூஃப் போடுவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாயிற்று. இந்த வாரமே என்ஜினீயரை நேரில் வரவழைத்து, மாற்றுச் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மேஸ்திரி தினமும் பத்துப் பதினைந்து படம் அனுப்புகிறார். எல்லாமே சுவரும் மணலும்தான். எதைப் படமெடுக்கச் சொல்ல வேண்டும்?
– காரைக்குடி வாசகி

பதில்: இந்தக் கேள்வியை வீடு கட்டுகிற எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாளைக்கு மூடப்போவது எதுவோ, அதை இன்றைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எழும்பி நிற்கிற சுவரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அஸ்திவாரக் கம்பி, தூணின் ரிங், கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் ரூஃப் கம்பியும் அதற்குள் ஓடும் வயரிங் குழாயும், பூசுவதற்கு முன் சுவரில் காடி வெட்டிப் பதித்த பைப், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பாத்ரூம் தரையில் அடித்த வாட்டர் புரூஃபிங், மண் தள்ளுவதற்கு முன் செப்டிக் டேங்க் லைன், இவை எல்லாம் ஒரு தடவைதான் கண்ணுக்குத் தெரியும்.

எடுக்கும் விதமும் இருக்கிறது. முதலில் வாசலில் நின்று அந்தச் சுவர் முழுதும் தெரிய ஒன்று. அப்புறம் டேப்பின் முனையைச் சுவர் மூலையில் வைத்து, பைப் வரைக்கும் இழுத்துப் பிடித்து, எண் படிக்கிற மாதிரி நேராக நின்று கிட்டத்தில் ஒன்று. அறையின் பெயரையும் தேதியையும் சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலேயே எழுதிவிட்டால் படத்திலேயே விழுந்துவிடும். ஏனென்றால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது தரமும் குறையும், கேமரா பதிந்த தேதி, இடக் குறிப்பும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேராக டிரைவில் அறைவாரியாக ஏற்றச் சொல்லுங்கள். பின்னால் கீசர் மாட்ட டிரில் போடுபவரிடம் அந்த ஒரு படத்தைக் காட்டினால் பைப் தப்பித்துவிடும்.

கம்பிப் படத்தில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை, இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன்படி சாதாரணச் சூழலில் ரூஃபுக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். கம்பி நேரடியாகப் பலகையில் உட்கார்ந்திருந்தால், கான்கிரீட் லாரி கிளம்புவதற்குள் போன் செய்யுங்கள். கான்கிரீட்டில் தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள், வைப்ரேட்டர் ஒழுங்காக ஓடியதா என்பது படத்தில் தெரியாது. ரூஃப் போடும் நாளில் என்ஜினீயர் சைட்டில் நிற்பதற்கு மாற்றே கிடையாது.

கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுப் பலகையை எடுக்கும் விஷயத்தை மட்டும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும், அவர் அவசரம் அவருக்கு. அதே விதிப்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டில் தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். இன்று பரவலாக விற்கிற பிபிசி (போசலானா கலந்த போர்ட்லாண்ட்) சிமெண்ட்டுக்கு இன்னும் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். "இன்ன பகுதியில் இன்ன தேதி முட்டு எடுக்கலாம்" என்று என்ஜினீயர் எழுதி அனுப்பிய பிறகுதான் கை வைக்க வேண்டும். தண்ணீர் விடுவதும் அப்படித்தான், பிபிசி என்றால் குறைந்தது 10 நாள். பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிற படம் ஒன்று தினமும் காலையில் வரட்டும், மற்றப் படங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: கோவையில் சைட் என்ஜினீயராக இருக்கிறேன். கம்பெனியில் ஒரு கட்டுமான ஆப் வாங்கினார்கள். யாரும் நிரப்புவதில்லை. சாயங்காலம் நானே ஞாபகத்திலிருந்து எல்லாவற்றையும் நிரப்புகிறேன். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள்.
– கோவை வாசகி

பதில்: ஞாபகத்திலிருந்து நிரப்பும் பதிவு பல நேரம் பதிவே இல்லாததைவிட மோசம், அதை நம்பி யாராவது பில் போட்டுவிடுவார்கள். ஃபோர்மேன்கள் ஏன் திறப்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆப் அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. அவரவர் வருகை நாள், ஓ.டி., வாங்கிய அட்வான்ஸ் இவற்றை அதில் அவர்களே பார்க்கும்படி செய்யுங்கள். சனிக்கிழமை கூலிக்கு முன்னால் கணக்குப் பார்க்க அவர்களே திறப்பார்கள். உள்ளே போக வேண்டியதை வாய்ஸும் படமுமாக வாங்குங்கள், தட்டச்சு வேலை ஆபீசில் நடக்கட்டும்.

மொழிக்கு, படத்தின் மேலேயே கிறுக்குவதுதான் நான் கண்டதில் சிறந்த வழி. சுவரைப் படமெடுத்து, அம்புக்குறி போட்டு, 600 என்று எழுதினால் எந்த மாநிலத்துக்காரருக்கும் புரியும். மொழிபெயர்ப்பு ஆப் சாதாரணப் பேச்சுக்குச் சரி. தொழில் சொற்களில் தடுமாறும், அளவையோ பாதுகாப்பையோ அதை நம்பிச் சொல்லாதீர்கள். அடுத்த ஆப் வாங்குவதற்கு முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு நாள் வேலையைப் பதிந்து பாருங்கள். பேஸ்மெண்ட்டில் டவர் கிடைக்காது, அங்கே வேலை செய்யாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட், மோட்டார், கசிவு என்று எல்லாப் புகாரும் குடியிருப்போர் குரூப்பில்தான் வருகிறது. செயலாளராக எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.
– வேளச்சேரி வாசகர்

பதில்: காசு செலவில்லாமல் செய்யலாம். ஒரு கூகுள் ஃபார்ம், அதற்கு ஒரு க்யூஆர் கோடு, லிஃப்ட் பக்கத்திலும் மோட்டார் ரூமிலும் ஜெனரேட்டர் அருகிலும் ஒட்டிவிடுங்கள். ஃப்ளாட் எண், எந்த இடம், என்ன பிரச்சினை, இவ்வளவு கேட்டால் போதும். ஃபார்மிலேயே படம் ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், வயதானவர்கள் அங்கேயே விட்டுவிடுவார்கள், அதனால் படத்தைக் கட்டாயமாக்காதீர்கள். பதில்கள் விழுகிற ஷீட்டை எல்லோரும் பார்க்கட்டும். 'முடிந்தது' என்று போடும் உரிமை புகார் கொடுத்தவருக்குத்தான், பிளம்பருக்கு இல்லை.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எந்தத் தேதியில் என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது என்று தனிப் பக்கம் வையுங்கள். ஒரே மோட்டாருக்குக் கெபாசிட்டர் திரும்பத் திரும்பப் போகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று தேடுவீர்கள். எல்லாவற்றையும் சங்கத்தின் பெயரில் உள்ள மெயில் கணக்கில் வையுங்கள். செயலாளர் மாறும்போது வரலாறும் அவரோடு வீட்டுக்குப் போய்விடக்கூடாது.

பேனலில் எலக்ட்ரீஷியன் கை வைக்கும்போது "ஆஃப் பண்ணியாச்சு" என்ற மெசேஜ் போதவே போதாது. பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்பவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. கழிவுநீர்த் தொட்டியில் யாரையும் இறக்காதீர்கள்; 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

கேள்வி: காண்ட்ராக்டரோடு தகராறு வந்தால் வாட்ஸ்அப் உரையாடல் செல்லுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு அதற்கானது, முன்பு பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதென்றால் உரிய சான்றிதழும் சேர்க்க வேண்டும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: மறையும் மெசேஜ் வசதியை அணைத்துவையுங்கள், தொகையும் தேதியும் பேசிய ஃபோன் அழைப்பு முடிந்ததும் "இப்போது பேசியபடி..." என்று எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள், தகராறு தீரும் வரை அந்தப் பழைய போனை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.