செத்துப்போன அப்பாவை ஏன் இழுக்கிறான்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் தண்டையார்பேட்டை. என் தம்பி கானா பாடி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவான். கமெண்ட்டில் அவன் நிறத்தையும் முடியையும் பேச்சையும் வைத்துத்தான் கிண்டல். அதில் ஒருத்தன், பிளாக் பண்ணினால் வேறு ஐடியில் வந்து, இறந்துபோன எங்கள் அப்பாவைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறான். தம்பி ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான். இப்போது ராயபுரத்தில் பாடுகிற வேறொரு பையனை இவனே அதேபோல் கலாய்க்க ஆரம்பித்துவிட்டான். இவங்களுக்கெல்லாம் என்ன மனசு ஐயா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படித்ததும் நெஞ்சு கொதித்தது. ஆனால் ஐடி மாற்றி வருகிறவனும் உங்கள் தம்பியும் ஒரே ரகம் இல்லை.

முதலில் அந்த ஆள். கனடாவில் எரின் பக்கெல்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2014இல் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். சுயமோகம், சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை, அடுத்தவர் வலியை ரசிப்பது ஆகிய குணங்களில் இணையச் சீண்டலோடு மிக நெருக்கமாக ஒட்டியது கடைசிக் குணம்தான். ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பயமாக இருந்தது. இப்படிப்பட்டவர்களில் ஈவிரக்கமில்லாதவர்களுக்கு எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்பது நன்றாகவே தெரிகிறதாம், அந்த வலிதான் தங்களுக்கு உறைப்பதில்லை. உங்கள் அப்பாவை அவன் இழுத்ததும் தெரிந்தேதான் என்று நினைக்கிறேன். கேள்வித்தாளை வைத்து முகம் தெரியாத ஒருத்தனுக்கு நோயின் பெயர் சூட்ட முடியாது, அது வேண்டாம். ஆனால் தம்பி எழுதுகிற ஒவ்வொரு பதிலும் அவனுக்குத் தீனி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் பதிலே வேண்டாம். பிளாக் பண்ணினால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அடுத்த ஐடியோடு வந்து நிற்கிறான். ரெஸ்ட்ரிக்ட் போடுங்கள், அவன் எழுதுவது அவனுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர் கண்ணில் படாது. ‘ஹிடன் வேர்ட்ஸ்’ (வேண்டாத வார்த்தை வரும் கமெண்ட்டை மறைப்பது) பகுதியில் அவன் வழக்கமாக எழுதும் வார்த்தைகளைச் சேர்த்துவிடுங்கள். மிரட்டல் என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள், தயங்கவே வேண்டாம்.

தம்பி விஷயம் வேறு. அதே 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் சிலருக்குச் சுலபமான தேர்வும் சிலருக்குக் கடினமான தேர்வும் வைத்துவிட்டு ஒரு செய்திக்குக் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். தேர்வும் சுலபம், முன்னால் இருந்த கருத்துகளும் சாதாரணம் என்றால் சீண்டலாக எழுதியவர்கள் 35 சதவீதம். தேர்வில் நொந்துபோய் வந்து, மேலே ஏற்கெனவே வசவுகளையும் பார்த்தவர்களில் 68 சதவீதம். எல்லாரும் சாதாரண ஆட்கள்தான். ராத்திரி நேரங்களில் இது கூடுகிறது என்றும் கண்டார்கள். உங்கள் தம்பி இருப்பது சரியாக அந்த இடத்தில்தான், நாள் முழுக்க நிறத்துக்கும் ஊருக்கும் ஏச்சு வாங்கிவிட்டு, ஒரு மணிக்குத் தூக்கம் கெட்ட கண்ணோடு, போனை எடுத்து, தன்னைப் போலவே பாட்டை நம்பி நிற்கிற இன்னொரு வடசென்னைப் பையன் மேல் அதை இறக்குகிறான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ராயபுரத்துப் பையனும் அவன் வீட்டாரும் இந்நேரம் உங்களை மாதிரியே யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கலாம், அதைத் தம்பியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ராத்திரியில் வேண்டாம், பகலில், சாப்பிட்ட பிறகு. அந்தக் கமெண்ட்டுகளை அவன் கையாலேயே அழிக்கட்டும், அப்புறம் அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்கட்டும்.