அமெரிக்காவின் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) கூடைப்பந்து அணி 26 வருடம் தோற்றது உண்மையா?

உண்மைதான், ஆனால் லீக் ஆட்டங்களில் மட்டும். 1985-க்குப் பிறகு கால்டெக் ஆண்கள் அணி தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்றது. வெளி அணிகளிடம் அவ்வப்போது ஜெயித்ததுண்டு. 2007 ஜனவரியில் பார்ட் கல்லூரியை வென்றார்கள்.

காரணம் எளிது. ஆயிரம் பேர் அளவிலான இளநிலை மாணவர்கள், அதுவும் இயற்பியலும் கணிதமும் படிக்க வந்தவர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு அணி என்பதால் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. சேர்க்கையிலும் பெரிய சலுகை இல்லை. உயரமான பையன் கிடைத்தாலும் கால்குலஸில் தேற வேண்டுமே!

அப்புறம் 2011 பிப்ரவரி 22, சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி அதே லீக்கின் ஆக்சிடென்டல் கல்லூரி. 45-45 என்ற நிலையில், சில விநாடிகளே இருக்க, கால்டெக்கின் ரயன் எல்ம்க்விஸ்ட் ஒரு ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் எறியும், ஒரு புள்ளி தரும் வாய்ப்பு) கூடைக்குள் போட்டார். 46-45. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது.